பிள்ளையின் இதயத்தில் துளை: நெஞ்சைத் திறக்காமல் சரிசெய்ய முடியுமா?

"உங்க பிள்ளையோட இதயத்துல ஒரு துளை இருக்கு."

மருத்துவர் இப்படிச் சொன்னதும் பெரும்பாலான பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சைதான். "இவ்வளவு சின்னப் பிள்ளை தாங்குமா?" என்ற பயம் உடனே வந்துவிடும்.

பல பிள்ளைகளுக்கு இன்று அந்த அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. தொடை இடுக்கில் உள்ள ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, துளையை மூடலாம். குறுகிய வால்வை விரிக்கலாம். அந்தக் குழாய்க்குப் பெயர் கதீட்டர்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. குறைபாடு எந்த வகை, துளை எங்கே உள்ளது, எவ்வளவு பெரியது, பிள்ளையின் எடை என்ன ஆகியவற்றைப் பொறுத்தே மருத்துவர்கள் முடிவெடுப்பர். அந்த முடிவைப் புரிந்துகொள்ள உதவும் விவரங்களைப் பார்ப்போம்.

பிறவி இதயக் குறைபாடு என்றால் என்ன?

கருவில் இதயம் உருவாகும்போதே ஏற்படும் அமைப்புக் கோளாறு அது. உலக அளவில் பிறக்கும் குழந்தைகளில் 100இல் ஏறக்குறைய 1 குழந்தைக்கு ஏதேனும் ஒரு வகைக் குறைபாடு உள்ளது. அவற்றில் பல லேசானவை.

கர்ப்பத்தின் முதல் 8 வாரங்களுக்குள் இதயத்தின் அடிப்படை அமைப்பு உருவாகிவிடுகிறது. கர்ப்பமாக இருப்பதைச் சில பெண்கள் அப்போதுதான் அறிந்திருப்பர்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று பல தாய்மார்கள் தங்களையே குறைசொல்லிக்கொள்வதுண்டு. பெரும்பாலானோருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. தாய்க்கு நீரிழிவு இருப்பது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா தொற்று ஏற்படுவது, டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணு நிலைகள், குடும்பத்தில் ஏற்கெனவே குறைபாடு இருப்பது போன்றவை வாய்ப்பைக் கூட்டலாம். வேலைக்குப் போனதோ, மாடிப்படி ஏறியதோ, ஏதோ ஒரு பழத்தைச் சாப்பிட்டதோ காரணமல்ல.

துளை எங்கே இருக்கும்?

இதயத்தை நான்கு அறை கொண்ட வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலப்பக்க அறைகள் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றன. இடப்பக்க அறைகள் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தை உடல் முழுவதும் அனுப்புகின்றன. நடுவில் ஒரு சுவர். வால்வுகள்தான் கதவுகள்.

அதிகம் காணப்படும் குறைபாடுகள் சில:

- மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் துளை
- கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் துளை
- நுரையீரலுக்குச் செல்லும் ரத்தநாளத்தையும் உடலின் பெருந்தமனியையும் இணைக்கும் சிறுகுழாய் மூடாமல் இருப்பது. கருவில் இருக்கும்போது எல்லாருக்கும் அது தேவை. பிறந்த சில நாள்களில் தானாக மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அது திறந்தே இருக்கும் வாய்ப்பு அதிகம்.
- வால்வு அல்லது பெருந்தமனி குறுகியிருப்பது
- ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருக்கும் சிக்கலான நிலைகள்

"பிள்ளை நல்லாத்தானே ஓடி விளையாடுது, எதுக்கு சிகிச்சை?"

நியாயமான கேள்வி. மேல் அறைகளுக்கு நடுவே துளை உள்ள பிள்ளைகள் பலருக்குச் சிறுவயதில் எந்த அறிகுறியும் இருக்காது. வழக்கமான பரிசோதனையின்போது மருத்துவர் இதயத்தில் கூடுதல் ஒலியைக் கேட்டுத்தான் சந்தேகப்படுவார். (அப்படி ஒலி கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதயத்தில் கோளாறே இருக்காது என்பதும் உண்மை.)

துளை பெரிதாக இருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் இடப்பக்கத்திலிருந்து கொஞ்சம் ரத்தம் வலப்பக்கத்துக்குத் திரும்பி வரும். ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய்வந்த ரத்தம் மறுபடியும் அங்கேயே போகிறது. வலப்பக்க இதயம் வீணாகக் கூடுதல் வேலை பார்க்கிறது.

பிள்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். பிரச்சினை பல ஆண்டுகள் கழித்து வருகிறது. வலப்பக்க இதயம் வீங்கலாம். 30, 40 வயதுக்குப் பிறகு இதயத் துடிப்பு சீரற்றுப்போகலாம். சிலருக்கு நுரையீரல் ரத்தநாளங்களில் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் மிக அதிகமாகிவிட்டால், துளையை மூடுவதே ஆபத்தாகிவிடும்.

இன்றைய தொல்லைக்காக அல்ல, பிற்காலத்தில் வரக்கூடிய பாதிப்பைத் தவிர்க்கவே சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

அதற்காக எல்லாத் துளைகளையும் அவசரமாக மூட வேண்டியதில்லை. மேல் அறைச் சுவரில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாக மூடிக்கொள்ளும். 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் தானாக மூடுவது அரிது. கீழ் அறைச் சுவரில் உள்ள சிறு துளைகளும் பல நேரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். காத்திருப்பதும் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

மேல் அறைத் துளையை மூடுவதை எடுத்துக்கொள்வோம். உடனடித் தேவை இல்லாவிட்டால் பெரும்பாலும் 3 முதல் 5 வயதுக்குள் செய்வார்கள். அதற்குள் பிள்ளையின் எடையும் கூடியிருக்கும், ரத்தநாளமும் சற்றுப் பெரிதாகியிருக்கும்.

1. பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுக்கப்படும்.

2. தொடை இடுக்கில் ஊசியால் சிறு துளையிட்டு, ரத்தநாளத்துக்குள் மெல்லிய கம்பியும் அதன்மேல் குழாயும் செலுத்தப்படும். சாதனத்தைக் கொண்டுசெல்லும் குழாய் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். தையல் போடும் அளவுக்குப் பெரும்பாலும் காயம் இருக்காது.

3. குழாய் எங்கே போகிறது என்பதை எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். எக்கோ எனப்படும் ஒலியலைப் பரிசோதனை துளையின் அளவைக் காட்டும். சில பிள்ளைகளுக்கு எக்கோ கருவி உணவுக்குழாய் வழியாக உள்ளே வைக்கப்படும்.

4. மூடும் சாதனம் குழாய்க்குள் நீளமாக மடங்கிய நிலையில் போகும். துளையைத் தாண்டியதும் ஒரு தட்டு விரியும். பின்னுக்கு இழுத்ததும் சுவரின் மறுபக்கத்தில் இன்னொரு தட்டு விரியும். இரு தட்டுகளும் சுவரை நடுவே வைத்துக் கவ்விக்கொள்ளும்.

5. சாதனம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பக்கத்தில் உள்ள வால்வை இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். திருப்தி இல்லை என்றால் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தால்தான் கம்பியிலிருந்து விடுவிப்பார்கள்.

வழக்கமாக 1 முதல் 2 மணிநேரம் ஆகும். பிறகு சில மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையைப் படுக்க வைப்பதுதான் பெற்றோருக்குப் பெரும்பாடு! பிடித்த கதைப்புத்தகமோ, காணொளியோ கையில் இருக்கட்டும். பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்பலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தால், திறந்த இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பல நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும். நெஞ்செலும்பு சேர ஏறக்குறைய 6 வாரம் ஆகும்.

அந்தச் சாதனம் எதனால் ஆனது?

பெரும்பாலும் நிட்டினால் என்ற உலோகக் கலவை. நிக்கலும் டைட்டேனியமும் சேர்ந்தது. மடக்கினாலும் நீட்டினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அதனால்தான் மெல்லிய குழாய்க்குள் அடங்கிப்போய், இதயத்துக்குள் மறுபடி தட்டுப்போல் விரிய முடிகிறது.

3 முதல் 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொந்தத் திசு அதன்மேல் படர்ந்து மூடிவிடும். பிள்ளை வளர வளரச் சாதனத்தை மாற்றத் தேவையில்லை.

பிள்ளைக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காதணி போட்டால் காதில் புண் வருவது, இடுப்புவார் உரசும் இடத்தில் தடிப்பது போன்றவை அதற்கான அடையாளமாக இருக்கலாம்.

எதற்கெல்லாம் கதீட்டர், எதற்கு அறுவைச் சிகிச்சை?

பெரும்பாலும் கதீட்டர் மூலம் முடிபவை:

- மேல் அறைச் சுவரின் நடுப்பகுதியில் உள்ள துளை. சாதனம் கவ்விக்கொள்ளச் சுற்றிலும் போதிய விளிம்பு இருக்க வேண்டும்.
- மூடாத சிறுகுழாய். 700 கிராம் எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கும் பொருத்தக்கூடிய மிகச் சிறிய சாதனத்துக்கு 2019இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.
- நுரையீரலுக்குச் செல்லும் வால்வு குறுகியிருப்பது. குழாயின் நுனியில் உள்ள பலூனை ஊதி வால்வை விரிப்பார்கள். உள்ளே எதையும் விட்டுவர வேண்டியதில்லை.

யோசித்து முடிவெடுக்க வேண்டியவை:

- கீழ் அறைத் துளைகள். தசைப்பகுதியில் இருந்தால் சாதனம் பொருத்தலாம். வால்வுக்கு அருகில் இருந்தால் கவனம் தேவை. இதயத் துடிப்பை இயக்கும் மின்பாதை அந்த இடத்தை ஒட்டித்தான் செல்கிறது. அது பாதிக்கப்பட்டால் பிள்ளைக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.
- பெருந்தமனி குறுகியிருப்பது. பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை. வளர்ந்த பிள்ளைக்குப் பலூனோ ஸ்டெண்ட்டோ பயன்படலாம்.

அறுவைச் சிகிச்சையே முதன்மையானவை:

- மேல் அறைச் சுவரின் ஓரங்களில், வால்வையோ பெரிய ரத்தநாளத்தையோ ஒட்டியுள்ள துளைகள். சாதனத்துக்குப் பிடிமானம் இருக்காது.
- ஃபாலோட் நான்மை போன்ற சிக்கலான குறைபாடுகள்.

"மத்த பிள்ளைக்கு ஊசித்துளையிலயே முடிச்சாங்க, எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆப்பரேஷன்?" என்று கேட்கத் தோன்றலாம். மருத்துவரின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிடிமானம் இல்லாத இடத்தில் சாதனத்தை வைத்தால் அது நழுவிவிடும். அத்தகைய பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சைதான் பாதுகாப்பான வழி.

சில நேரங்களில் இரண்டும் தேவை

இதயத்திலிருந்து புறப்படும் இரு பெரிய ரத்தநாளங்களும் இடம் மாறியிருக்கும் நிலையில் சில குழந்தைகள் பிறக்கின்றன. ஆக்சிஜன் உள்ள ரத்தம் உடலுக்குப் போகாது. பிறந்த சில மணிநேரத்திலேயே உடல் நீலமாகிவிடும். அப்போது கதீட்டர் வழியாகப் பலூனை மேல் அறைக்குள் கொண்டுபோய், சுவரில் உள்ள துளையை வேண்டுமென்றே பெரிதாக்குவார்கள். ரத்தம் கலந்து, குழந்தைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். சில நாள் கழித்து அறுவைச் சிகிச்சையில் ரத்தநாளங்களை இடம் மாற்றுவர்.

அதேபோல், ஒரு குழந்தைக்கு மூட வேண்டிய சிறுகுழாயை இன்னொரு குழந்தைக்குத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருக்கும். நுரையீரலுக்கு ரத்தம் போக வேறு வழியில்லாத குழந்தைகள் அவர்கள். சிறுகுழாய்க்குள் ஸ்டெண்ட் வைத்து அதைத் திறந்து வைப்பார்கள். இந்தச் சிகிச்சையில் அண்டை நாடான மலேசியாவுக்கு முக்கியப் பங்குண்டு. கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகத்தின் மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் கவனம் பெற்றது.

இது புதிய சிகிச்சையா?

இல்லை. படிப்படியாக வளர்ந்தது.

1929: வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய இளம் மருத்துவர் தம் கை ரத்தநாளம் வழியாகத் தம் இதயத்துக்குள்ளேயே குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். 1956இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1966: மேலே சொன்ன பலூன் முறையை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ராஷ்கைண்ட் அறிமுகம் செய்தார்.

1967: மூடாத சிறுகுழாயைக் கதீட்டர் மூலம் அடைத்ததாக ஜெர்மனியின் போர்ஸ்ட்மன் குழு அறிவித்தது.

1982: குறுகிய வால்வைப் பலூனால் விரித்த அனுபவத்தை ஜீன் கான் குழு வெளியிட்டது.

2000: பிலிப் போன்ஹோஃபர் பாரிஸில் ஒரு சிறுவனுக்குக் கதீட்டர் வழியாகவே புது வால்வு பொருத்தினார். முன்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் பலர், வால்வு பழுதானதும் மறுபடி நெஞ்சைத் திறக்காமல் தப்பிக்க அது வழிவகுத்தது.

ஆபத்து உண்டா?

தழும்பு இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கலின்றி முடிகிறது. இருந்தாலும் இவற்றைத் தெரிந்துவைத்திருங்கள்:

- தொடை இடுக்கில் ரத்தக்கசிவு, ரத்தக்கட்டு. சிறு குழந்தைகளுக்கு ரத்தநாளம் மெலிதாக இருப்பதால் இது சற்று அதிகம்.
- சாதனம் இடம்விட்டு நகர்வது. நகர்ந்தால் கதீட்டர் மூலமோ அறுவைச் சிகிச்சை மூலமோ எடுக்க வேண்டியிருக்கும்.
- இதயத் துடிப்பு சீர்குலைவது. பெரும்பாலும் தற்காலிகமானது.
- சாதனம் இதயச் சுவரை அரிப்பது. மிக அரிது, ஆனால் கடுமையானது. மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் நேரலாம்.
- எக்ஸ்ரே கதிர்வீச்சு. பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்தே பயன்படுத்துவர்.

வீட்டுக்கு வந்த பிறகு?

மருந்து: சாதனம் பொருத்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சுமார் 6 மாதத்துக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்வர். நீங்களாக நிறுத்த வேண்டாம். பிள்ளைக்குச் சின்னம்மை, சளிக்காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் சில பிள்ளைகளுக்கு ஆகாது.

பல்: முதல் 6 மாதத்தில் பல் சிகிச்சை செய்வதாக இருந்தால், அதற்குமுன் கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படலாம். பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம். சிகிச்சைக்கு முன்பே பல்லைக் காட்டிவிடுவது நல்லது.

விளையாட்டு: சில நாளில் பள்ளிக்குப் போகலாம். நெஞ்சில் இடிபடக்கூடிய விளையாட்டுகளை மருத்துவர் சொல்லும்வரை தவிர்க்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அனுமதி கிடைத்த பிறகு பிள்ளையை ஓடவிடுங்கள். "இதயப் பிள்ளை" என்று வீட்டிலேயே பொத்திவைக்க வேண்டாம்.

எம்ஆர்ஐ: பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் சாதனம் உள்ளதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருத்துவமனை தரும் சாதன அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"அப்போ முழுசா குணமாயிடுச்சா?"

எளிய துளையாக இருந்தால், மூடியபிறகு பெரும்பாலான பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வாழலாம். ஆனால் மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. முதல் ஆண்டில் அடிக்கடி எக்கோ எடுப்பர். பிறகு இடைவெளி கூடும்.

குறிப்பாக, பதின்ம வயதில்தான் பலர் மருத்துவச் சந்திப்புகளைத் தவறவிடுகின்றனர். சிறுவயதில் நடந்தது பிள்ளைக்கு நினைவிருக்காது. பெற்றோர்தான் சொல்லித்தர வேண்டும். தன் குறைபாட்டின் பெயர், எந்த ஆண்டு என்ன சிகிச்சை என்பதைப் பிள்ளை தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தேசியச் சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக்கும், பிற்காலத்தில் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதும் அந்த விவரம் தேவைப்படும்.

சிங்கப்பூரில் எங்கே செய்யலாம்? செலவு?

கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறார் இதயநோய்ப் பிரிவுகள் உள்ளன. பலதுறை மருந்தகத்திலிருந்தோ குடும்ப மருத்துவரிடமிருந்தோ பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி பிறவிக் குறைபாடுகளையும் உள்ளடக்கியது. மெடிசேவ் தொகையையும் பயன்படுத்தலாம். தனியார் காப்புறுதியில் விதிமுறைகள் மாறுபடும், ஆவணத்தைச் சரிபாருங்கள். சமாளிக்க முடியாது என்று தோன்றினால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். செலவைக் காரணம்காட்டி சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குமுன் அவரிடம் பேசிவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- துளை எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர்?
- தானாக மூட வாய்ப்புண்டா? எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?
- கதீட்டரா, அறுவைச் சிகிச்சையா? எங்கள் பிள்ளைக்கு ஏன் அது?
- கதீட்டர் முறை முடியாமல் போனால் அடுத்து என்ன?
- எங்கள் பிள்ளைக்கு உள்ள பெரிய ஆபத்து எது?

சிகிச்சைக்கு முதல்நாள் காய்ச்சலோ சளியோ இருந்தால் மருத்துவமனையிடம் சொல்லுங்கள். பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, சொல்லிவிடுங்கள்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

கைக்குழந்தை:

- பால் குடிக்கும்போது மூச்சிரைத்து, தலை வியர்த்துப்போவது
- எடை கூடாமல் இருப்பது
- உதடும் நாக்கும் நீலமாவது

வளர்ந்த பிள்ளை:

- ஓடும்போது மயங்கி விழுவது
- மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் களைத்துப்போவது
- அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிப்பது

சாதனம் பொருத்திய பிள்ளைக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை வந்தால் தாமதிக்க வேண்டாம். பிள்ளை நீலமானாலோ நினைவிழந்தாலோ 995ஐ அழையுங்கள்.

இந்தக் கட்டுரை பொதுத் தகவலுக்கு மட்டுமே. உங்கள் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதை அவருடைய எக்கோ படத்தைப் பார்த்த மருத்துவரால்தான் சொல்ல முடியும். அடுத்தமுறை அவரைப் பார்க்கும்போது, மேலே உள்ள கேள்விகளைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு முறை விளக்கச் சொல்லுங்கள். படம் வரைந்து காட்டச் சொன்னாலும் தப்பில்லை.